மரத்தில் ஓட்டை போட்டது யார்?

ஆலங்குடிப் பக்கம் பலாமரம் இல்லாத தோட்டத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். வடகாடு, கீரமங்கலம், கொத்தமங்கலம், பனங்குளம் என்று செம்மண் ஊர்களில் எல்லாம் வரப்போரத்தில், வீட்டுக் கொல்லையில், தென்னைக்கு நடுவில் என்று எங்காவது ஒரு பலா நிற்கும். உரம் கேட்காது, மருந்து கேட்காது. சித்திரை, வைகாசியில் காய்த்துக் கொட்டும். பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் பல வீடுகளில் பலாக்காசுதான்.

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் வந்தது. எங்கள் தோட்டத்தில் 11 பலா நின்றன. விடிந்து பார்த்தபோது 6 படுத்துக் கிடந்தன. மீதி 5 மரங்களும் கிளை முறிந்து, பட்டை உரிந்து, வேர் ஆட்டம் கண்டு நின்றன. நின்றதே போதும் என்று இருந்தோம். புயல் போன பிறகுதான் இன்னொரு வேலை பாக்கி இருந்தது என்பது அப்போது தெரியவில்லை. அந்த வேலையைச் செய்தது வண்டு. அதில் ஒரு மரத்தை நான் அறியாமையால் இழந்தேன். இன்னொரு மரத்தை அறியாமையால் விற்கப் பார்த்தேன், கடைசி நேரத்தில் தப்பியது. இரண்டுக்கும் இடையில் கற்றுக்கொண்டதைத்தான் எழுதுகிறேன்.

வாசல் மரம் போன கதை

வீட்டு வாசலுக்கு நேராக நின்றதால் அதற்கு வாசல் மரம் என்று பெயர். தாத்தா வைத்தது. 2020 தை மாதம் அதன் அடியில் மரத்தூள் கொட்டிக் கிடப்பதைப் பார்த்தேன். மரம் அறுக்கிற பட்டறையில் கிடக்குமே, அந்த மாதிரி நார் நாரான தூள். சித்தப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

“கரையான்டா. சுண்ணாம்பு அடிச்சு விடு, போயிரும்” என்றார்.

நானும் அடியில் சுண்ணாம்பு பூசினேன். வேப்பெண்ணெய் கரைத்து ஊற்றினேன். செய்துவிட்டோம் என்ற நிம்மதி. கரையான் என்றால் மண் பூச்சு இருக்க வேண்டும், மண்ணால் கட்டிய பாதை மரத்தில் ஏற வேண்டும். அப்படி ஒரு துளி மண்கூட அந்த மரத்தில் இல்லை. அதைக் கவனிக்கவே இல்லை. தூள் எங்கிருந்து விழுகிறது என்று நிமிர்ந்து பார்த்திருந்தால், இடுப்பு உயரத்தில் புயலில் பட்டை உரிந்த காயத்தின் ஓரத்தில் இருந்த ஓட்டையும், அதிலிருந்து வடிந்து காய்ந்த கறுப்புச் சாறும் தெரிந்திருக்கும்.

அந்தச் சித்திரையில் ஒரு பக்கக் கிளைகள் மட்டும் பழுத்து இலை கொட்டின. மறு பக்கம் காய்த்தது. “புயல்ல வேர் அறுந்துருக்கும், தேறிரும்” என்றார்கள். மழைக்காலத்தில் கொஞ்சம் தளிர்த்தது. 2021 மாசியில் முழுசாகக் காய்ந்துவிட்டது.

சித்திரையில் அறுத்தோம். அடிமரத்தைப் பிளந்தபோது உள்ளே கட்டைவிரல் போகிற அளவுக்குக் குகைகள். ஒவ்வொரு குகையிலும் வெண்ணெய் நிறத்தில், நடுவிரலைவிட நீளமான புழு. காலே கிடையாது. தலைப்பக்கம் அகலம், வாய் மட்டும் கரும்பழுப்பு. ஒரே மரத்தில் 9 எண்ணினேன். பட்டைக்கும் கட்டைக்கும் நடுவில், சாறு ஓடுகிற பாதையைச் சுற்றிச் சுற்றித் தின்றிருந்தன. நான் வேர்ப்பக்கம் வேப்பெண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்த காலம் முழுக்க, அவை இடுப்பு உயரத்தில் உட்கார்ந்து தின்றுகொண்டிருந்தன.

கிணற்றடி மரம் தப்பிய கதை

வாசல் மரத்தை விலை பேச வந்த மர வியாபாரி, கிணற்றடியில் நின்ற பலாவையும் அண்ணாந்து பார்த்தார். அதில் புயலில் முறிந்த கிளையின் குச்சம் ஒன்று, ஒரு முழம் நீளத்துக்கு நீட்டிக்கொண்டிருந்தது. அது நிறைய ஊசியால் குத்தியதுபோல் ஓட்டை. கீழே கிடந்த இலைகளின்மேல் மாவு மாதிரித் தூள்.

“தம்பி, இதுலயும் வண்டு விழுந்துருச்சு. அடுத்த வருசம் இதுவும் போயிரும். இப்பவே சேத்துக் குடுத்தா வெறகு வெலையாவது தேறும்.”

நான் பயந்துபோய் இருந்த நேரம். சரி என்று சொல்லவே வாயெடுத்தேன். அம்மாதான் அரிவாளை எடுத்துப்போய் அடிமரத்தில் ஒரு கீறல் போட்டார். பால் பொங்கி வடிந்தது. “பால் வருதேடா. உசுரோட இருக்குறதை எதுக்கு விக்கிற?” என்றார்.

அதன் பிறகுதான் ஏணி போட்டு ஏறிப் பார்த்தேன். ஊசி ஓட்டை எல்லாம் அந்தச் செத்த குச்சத்தில் மட்டும்தான். உயிருள்ள கட்டை தொடங்குகிற இடத்தில் ஓட்டை சட்டென்று நின்றுவிட்டது. அடிமரத்தில் ஓட்டையும் இல்லை, சாறும் வடியவில்லை. குச்சத்தை உயிர்க்கட்டையை ஒட்டி வழவழப்பாக அறுத்து, களிமண்ணும் சாணமும் வேப்பெண்ணெயும் குழைத்துப் பூசினேன். அவ்வளவுதான் வைத்தியம். அந்த மரம் இன்றைக்கும் காய்க்கிறது.

செத்த கட்டையைத் தின்னும் வண்டு வேறு, உயிருள்ள மரத்தைக் கொல்லும் வண்டு வேறு. கொலை செய்தவனும் பிணம் அடக்க வந்தவனும் ஒரே இடத்தில் நிற்பதால் இரண்டு பேரையும் ஒன்றாக்கிவிடுகிறோம். அங்கேதான் மரமும் காசும் போகிறது.

ஓட்டையைப் பார்த்துக் கேட்க வேண்டிய கேள்விகள்

மரத்தில் ஓட்டையைப் பார்த்தால் இப்போது நான் மருந்து யோசிப்பதில்லை. முதலில் ஐந்து கேள்விகள் கேட்கிறேன்.

ஒன்று: ஓட்டை இருப்பது உயிருள்ள பகுதியிலா, செத்த பகுதியிலா? கத்தி நுனியால் பட்டையை லேசாகச் சுரண்டினால் உள்ளே பச்சையும் ஈரமும் தெரிய வேண்டும். பலா என்றால் பாலே சொல்லிவிடும். செத்த கட்டையில் மட்டும் ஓட்டை இருந்தால் பாதிப் பயம் போய்விட்டது.

இரண்டு: ஓட்டையின் அளவும் வடிவமும் என்ன? குண்டூசி போகிற அளவு ஓட்டைகள் கூட்டமாக இருந்தால் உளுப்பூச்சி வகை அல்லது கட்டைக்குள் பூஞ்சை வளர்த்துத் தின்னும் சிறு வண்டு வகை. பின்னதன் ஓட்டையைச் சுற்றிக் கறுப்புக் கறை இருக்கும். சில சமயம் தூள் சேமியாத் துண்டு மாதிரிக் குச்சியாக நீட்டிக்கொண்டிருக்கும். விரல் போகிற அளவுக்கு வட்டமாகவோ நீள்வட்டமாகவோ இருந்தால் நீள்கொம்பு வண்டு. ஒரு பக்கம் தட்டையாக, பாதி நிலா மாதிரி இருந்தால் அது நாம் சின்ன வயதில் தீப்பெட்டியில் போட்டு வளர்த்தோமே, அந்தப் பொன்வண்டுக் குடும்பத்து ஆள்.

மூன்று: வெளியே வருவது என்ன? முகத்துக்குப் போடும் பவுடர் மாதிரித் தூள் என்றால் உளுப்பூச்சி. நார் நாரான சக்கை என்றால் பெரிய புழு. சாறோ பிசினோ சேர்ந்து வடிந்தால் உயிருள்ள பகுதியைத் தின்கிறது, அவசரம். கிளைக் கவட்டையில் நூலாம்படையில் தூளும் எச்சமும் ஒட்டி ரிப்பன் மாதிரிப் பட்டைமேல் ஓடினால் அது வண்டே கிடையாது. பட்டை தின்னும் புழு, அந்துப்பூச்சியின் பிள்ளை. பகலில் ஓட்டைக்குள் ஒளிந்திருந்து, ராத்திரி வெளியே வந்து பட்டையைத் தின்னும். ரிப்பனைத் துடைப்பத்தால் பெருக்கித் தள்ளி, ஓட்டைக்குள் கம்பியை விட்டாலே முக்கால்வாசி வேலை முடிந்தது.

நான்கு: புழுவுக்குக் கால் இருக்கிறதா? உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். பிறை மாதிரி வளைந்து, மார்பில் ஆறு கால் தெளிவாகத் தெரிந்தால் காண்டாமிருக வண்டு வகை. கால் இல்லாமல் நீளமாக, வளையம் வளையமாக இருந்தால் நீள்கொம்பு வண்டு. தலைக்குப் பின்னால் மட்டும் தட்டையாக விரிந்து, மீதி உடம்பு வால் மாதிரி மெலிந்தால் பொன்வண்டு வகை. கால் இல்லாமல் நடுவில் பருத்துக் குண்டாக, தென்னைக்குள் இருந்தால் சிவப்புக் கூன்வண்டு.

ஐந்து: கூடு கிடைக்கிறதா? காலியான கூடுகூடப் பெரிய சாட்சி. தென்னை நாரைச் சுற்றிக் கட்டிய கூடு என்றால் சிவப்புக் கூன்வண்டு. முந்திரியின் அடிக்கட்டைக்குள் முட்டை ஓடு மாதிரி, சுண்ணாம்பில் செய்தது போன்ற கூடு என்றால் முந்திரித் தண்டு துளைப்பான். வேறு ஆளைத் தேடவே வேண்டாம்.

முந்திரி, தென்னை, வீட்டு விட்டம்

நம் மாவட்டத்தில் முந்திரிக்குப் பஞ்சமில்லை. முந்திரி வண்டு செம்பழுப்பு நிறம். அடிமரத்தில் தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்துக்குள் உள்ள பட்டை வெடிப்பிலும், வெளியே தெரியும் வேரிலும் முட்டை வைக்கும். அடியில் பிசினும் தூளும் கலந்து கட்டியாக வந்தால் அன்றைக்கே பட்டையைச் செதுக்கிப் பார்க்க வேண்டும். இலை மஞ்சளாகும்வரை காத்திருந்தால் காலம் கடந்துவிடும். சுற்றளவில் பாதிக்குமேல் பட்டை போயிருந்தால் அந்த மரம் தேறுவது கடினம். அதை மழைக்காலத்துக்கு முன்னால் வேரோடு எடுத்தால்தான் பக்கத்து மரங்கள் தப்பிக்கும்.

தென்னையில் இரண்டு பேர். காண்டாமிருக வண்டு குருத்தைக் குடையும். மட்டை விரியும்போது கத்தரித்த மாதிரி ‘வி’ வடிவ வெட்டுத் தெரியும். இது மரத்தை உடனே கொல்லாது. ஆனால் அது போட்ட காயத்தின் வழியாகத்தான் சிவப்புக் கூன்வண்டு உள்ளே போகிறது, அது கொன்றுவிடும். தண்டில் ஓட்டை, பழுப்பு நிறத்தில் வடியும் கெட்டிச் சாறு, காதை வைத்துக் கேட்டால் உள்ளே நறநறவென்று மெல்லும் சத்தம் இவையெல்லாம் கூன்வண்டின் அடையாளம். கஜாவுக்குப் பிறகு விழுந்த தென்னைகளை அப்படியே மட்கவிட்டோம். அந்தக் கட்டைகள்தான் காண்டாமிருக வண்டுக்குப் பிரசவ ஆஸ்பத்திரி ஆயின. எருக்குழியும் அப்படித்தான்.

எருக்குழியில் வெள்ளைக் குண்டுப்புழுவைப் பார்த்ததும் நசுக்குவதற்கு முன்னால் ஒரு சோதனை செய்யுங்கள். புழுவைச் சமதரையில் விடுங்கள். மல்லாந்து படுத்து, முதுகாலேயே நகர்ந்து போனால் அது பூவண்டின் பிள்ளை. மட்கைத் தின்று உரமாக்கித் தருகிற வேலையாள், விட்டுவிடுங்கள். காண்டாமிருக வண்டின் புழு அப்படி முதுகால் ஊராது.

வீட்டு விட்டத்திலும் பந்தல் மூங்கிலிலும் சுண்டுவிரல் போகிற மாதிரி, அளவெடுத்துத் துளைத்தது போல வட்ட ஓட்டை இருந்தால் அது கருவண்டு. வண்டு என்று நாம் சொன்னாலும் அது தேனீ இனம். மரத்தைத் தின்பதில்லை, குடியிருக்கத்தான் குடைகிறது. பெரிய பூக்களில் மகரந்தம் சேர்க்கிற உழைப்பாளி. சித்தப்பா அந்த ஓட்டையில் மண்ணெண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தார், இப்போது விட்டுவிட்டார்.

உளுப்பூச்சிக்குக் கட்டையில் இருக்கும் மாவுச்சத்துதான் சாப்பாடு. அதனால்தான் வெள்ளைக்கட்டையை உளுக்கும், வைரத்தை விட்டுவிடும். வெட்டிய மூங்கிலைக் குளத்தில் ஊறப்போட்ட நம் பெரியவர்கள் செய்ததும் அந்த மாவுச்சத்தைக் கரைத்து வெளியேற்றுகிற வேலைதான்.

டிரம்மில் பிறந்த சாட்சி

புழுவை வைத்துக் குடும்பம் சொல்லலாம். பெயர் சொல்வது சிரமம். வண்டு வெளியே வந்தால்தான் உறுதி. அதற்கு ஒரு எளிய வழி உண்டு. வாசல் மரத்தில் புழு இருந்த இரண்டு துண்டுகளைப் பழைய தண்ணீர் டிரம்மில் போட்டு, வாயைக் கொசுவலையால் இறுக்கிக் கட்டி நிழலில் வைத்தேன். வாரம் ஒருமுறை லேசாகத் தண்ணீர் தெளித்தேன். ராத்திரியில் உள்ளே கரக் கரக்கென்று சத்தம் வரும். அம்மா திட்டிக்கொண்டே இருந்தார்.

ஆடி மாதம், ஒரு மழைக்கு அடுத்த நாள், வலையைப் பிடித்துக்கொண்டு ஒரு வண்டு தொங்கியது. உடம்பே இரண்டு அங்குலம். சாம்பல் கலந்த பழுப்பு. உடம்பைவிட நீளமான மீசை. கழுத்தில் இரண்டு பக்கமும் முள், நடுவில் ஆரஞ்சுச் சிவப்பில் பிறை மாதிரி இரண்டு திட்டு. கையில் பிடித்தால் கீச் கீச்சென்று கத்தியது. மா தண்டு துளைப்பான் என்று புத்தகங்களில் வருகிற ஆள்தான். பட்டோசெரா ரூஃபோமேக்குலேட்டா என்பது அறிவியல் பெயர். சிவப்புப் புள்ளிக்காரன் என்பதுதான் அதன் இரண்டாம் பாதிக்கு அர்த்தம். மா, பலா, அத்தி, இலவு, முருங்கை எல்லாம் அதற்குச் சாப்பாடு.

பெயர் தெரிந்ததும் வாழ்க்கைமுறையும் தெரிந்துவிட்டது. வருசத்துக்கு ஒரு தலைமுறை. மழை தொடங்கும் காலத்தில் வெளியே வரும். ராத்திரியில் இளங்கிளைப் பட்டையைத் தின்னும், விளக்குக்கு வரும். காயம்பட்ட, வாடிய மரத்தின் பட்டையைக் கீறி ஒவ்வொன்றாக முட்டை வைக்கும். புழு மாதக்கணக்கில் உள்ளேயே இருக்கும். அப்படியானால் நான் மரத்தடியில் நிற்க வேண்டிய காலம் தை மாதம் கிடையாது. ஆனி, ஆடி, ஆவணி ராத்திரிகள்.

பெயர் தெரியாததன் விலையை அமெரிக்காக்காரர்களும் கொடுத்திருக்கிறார்கள். டெட்ராய்ட் நகரைச் சுற்றி ஆஷ் மரங்கள் கூட்டமாகச் செத்தன. முதலில் அதை நோய் என்றே நினைத்தார்கள். பிறகு மரத்திலிருந்து ஒரு பச்சை வண்டு வெளியே வந்தது. அங்கே யாருக்கும் பெயர் தெரியவில்லை. 2002-ல் ஸ்லோவாக்கியா நாட்டு வண்டு அறிஞர் எட்வார்ட் யெண்டெக்கிடம் மாதிரி போன பிறகுதான், அது கிழக்கு ஆசியாவைச் சேர்ந்த ஒரு பொன்வண்டு இனம் என்று தெரிந்தது. அதற்குள் அது பல வருடங்களாகப் பரவிவிட்டிருந்தது. கோடிக்கணக்கான மரங்கள் போயின. பெயர் தெரிந்ததால்தான் அதன் பிறந்த ஊருக்குப் போய், அங்கே அதைக் கட்டுப்படுத்தி வைத்திருக்கும் குளவிகளைத் தேடிக் கொண்டுவர முடிந்தது.

யாரிடம் கேட்பது?

நமக்கு ஸ்லோவாக்கியா வரை போக வேண்டியதில்லை. ஆலங்குடி வட்டத்திலேயே வம்பனில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. வம்பன் என்றால் உளுந்து ரகம்தான் நினைவுக்கு வரும். பூச்சியைக் கொண்டுபோய்க் காட்டவும் அதுதான் நமக்குப் பக்கத்து வாசல். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பயிர்வாரியாகப் பூச்சிகளின் படமும் அடையாளமும் தமிழிலேயே இணையத்தில் போட்டிருக்கிறது. கோவைக்குப் போனால், பல்கலைக்கழக வளாகத்தில் 2018-ல் திறந்த பூச்சி அருங்காட்சியகத்தைப் பிள்ளைகளோடு பாருங்கள். ஆர்.எஸ்.புரம் வன வளாகத்தில் இருக்கும் கேஸ் வன அருங்காட்சியகம் 1902-ல் தொடங்கியது. மரக்கட்டைகளையும் காட்டுப் பூச்சிகளையும் ஒரே கூரையின் கீழ் பார்க்கலாம். பெங்களூரில் உள்ள தேசிய வேளாண் பூச்சி வளங்கள் நிறுவனம் இந்தியப் பூச்சிகளின் பெரிய மாதிரித் தொகுப்பை வைத்திருக்கிறது.

கைப்பேசியில் ஐநேச்சுரலிஸ்ட் என்ற செயலி இருக்கிறது. படம், ஊர், தேதி மூன்றையும் போட்டால் விவரம் தெரிந்தவர்கள் பெயர் சொல்வார்கள். ஒரு எச்சரிக்கை: படத்தைப் பார்த்து எந்திரம் முதலில் சொல்லும் பெயரை வேதவாக்காக எடுக்காதீர்கள். நம் ஊரில் இல்லாத வண்டின் பெயரையும் அது சொல்லும். மனிதர்கள் உறுதி செய்யும்வரை பொறுங்கள்.

ஆங்கிலம் படிக்கிற பிள்ளைகள் வீட்டில் இருந்தால் பழைய புத்தகங்களும் உதவும். 1906-ல் கஹான் இந்திய நீள்கொம்பு வண்டுகளைப் பற்றி ஒரு தொகுதி எழுதினார். 1914-ல் ஃப்ளெட்சர் தென்னிந்தியப் பூச்சிகளைப் பற்றி எழுதிய புத்தகம் சென்னையில் அச்சானது. 1940-ல் டி.வி. இராமகிருஷ்ண அய்யர் தென்னிந்தியப் பொருளாதாரப் பூச்சியியல் கையேட்டை எழுதினார். 1941-ல் பீசன் இந்தியக் காட்டுப் பூச்சிகளைப் பற்றி எழுதியதை இன்றும் எடுத்துப் பார்க்கிறார்கள். வண்டு அன்றைக்குப் போட்ட ஓட்டையைத்தான் இன்றைக்கும் போடுகிறது. ஆனால் பெயர்கள் மாறியிருக்கும். பழைய நூலில் ப்ளோகேடெரஸ் என்று இருக்கும் முந்திரி வண்டு இன்று நியோப்ளோசிடெரஸ். இன்னொன்று, முந்திரி வண்டுக்கும் தென்னைக் கூன்வண்டுக்கும் இரண்டாம் பெயர் ஒன்றேதான், ஃபெருஜினியஸ். துருநிறம் என்று அர்த்தம். பெயர் கேட்கும்போது முழுப்பெயராகக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

மாதிரி கொண்டுபோவதிலும் முறை உண்டு. வண்டு என்றால் தீப்பெட்டியில் பஞ்சு வைத்துக் காயவைத்தாலே போதும். புழுவை அப்படியே சாராயத்தில் போட்டால் கறுத்துவிடும். கொதித்து இறக்கிய நீரில் ஒரு நிமிடம் போட்டு எடுத்து, பிறகு மருந்துக்கடை ஸ்பிரிட்டில் போடுங்கள். கூடவே ஒரு சீட்டு: எந்த மரம், எந்த ஊர், என்ன தேதி, தரையிலிருந்து எவ்வளவு உயரம், தூளா சக்கையா, மரம் உயிரோடு இருந்ததா. ஓட்டைக்குப் பக்கத்தில் ஒரு ரூபாய்க் காசை வைத்துப் படம் எடுங்கள், அளவு தெரியும். “ஒரு பூச்சி வந்துச்சு, நல்லா இருந்த மரம் போயிருச்சு” என்று மட்டும் சொன்னால் எந்த அறிஞராலும் ஒன்றும் சொல்ல முடியாது.

விஷமில்லாமல் என்ன செய்யலாம்?

ஓட்டைக்குள் மாத்திரை போட்டு அடைக்கச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை ஈரம் பட்டால் வெளிவிடும் வாயு ஆளையே கொல்லும். வீட்டு வாசலில் நிற்கிற மரத்தில், பிள்ளைகள் விளையாடுகிற இடத்தில் அது வேண்டவே வேண்டாம். ஆளைத் தெரிந்துகொண்டால் அதற்குத் தேவையும் இல்லை.

பலாவிலும் மாவிலும்: ஆனி முதல் ஆவணி வரை சாயங்காலம் டார்ச் அடித்து அடிமரத்தையும் கிளையையும் பாருங்கள். வண்டைக் கையாலேயே பிடிக்கலாம். தோட்டத்தில் விளக்குப் பொறி வைத்தால் காலையில் போய்ப் பார்த்து, மற்ற பூச்சிகளைப் பறக்கவிட்டுவிட்டு இதை மட்டும் எடுங்கள். ஈரச் சக்கை வரும் ஓட்டை இருந்தால் சைக்கிள் போக்ஸ் கம்பியின் நுனியைக் கொக்கியாக வளைத்து உள்ளே விட்டுப் புழுவை இழுங்கள். கம்பியில் பால்போல் ஒட்டினால் புழு செத்தது. வேப்பெண்ணெயில் நனைத்த பஞ்சை வைத்து, களிமண்ணும் சாணமும் குழைத்து அடைத்துவிடுங்கள். பத்து நாள் கழித்து மறுபடி பாருங்கள். புதுச் சக்கை வந்தால் உள்ளே இன்னொன்று இருக்கிறது.

முந்திரியில்: அடிமரத்திலும் வெளியே தெரியும் வேரிலும் 5 சதவீத வேப்பெண்ணெய்க் கரைசலைப் பூசுங்கள். மாதம் ஒருமுறை ஒவ்வொரு மரத்தின் அடியையும் சுற்றி வாருங்கள். பத்து மரத்துக்கு அரைமணி நேரம்கூட ஆகாது.

தென்னையில்: குருத்தைச் சுற்றியுள்ள மூன்று மட்டை இடுக்குகளில் வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு கலந்து மரத்துக்கு 150 கிராம் போடுங்கள். எருக்குழியில் மெட்டாரைசியம் பூஞ்சை கலந்தால் காண்டாமிருகப் புழு பச்சை பூத்துச் சாகும். விழுந்த தென்னையை மட்கவிடாமல் பிளந்து காயவையுங்கள். மரம் ஏறும்போது காயம்படாமல் பார்ப்பதும், மட்டையை அடியொட்டி வெட்டாமல் நீளம் விட்டு வெட்டுவதும் கூன்வண்டுக்குக் கதவைச் சாத்துகிற வேலை.

எல்லா மரத்துக்கும் பொது விதி ஒன்று உண்டு. முறிந்த கிளையைக் குச்சமாக விடாதீர்கள். காயத்தை அன்றைக்கே வழவழப்பாக்கிப் பூசுங்கள். புயலுக்குப் பிறகு வண்டு தேடி வருவது காயத்தைத்தான். வாசல் மரத்தை வண்டு மட்டும் கொன்றது என்று சொல்ல மாட்டேன். கஜா ஆட்டிவிட்டது, காயத்தை நான் மூடாமல் விட்டேன், வண்டு முடித்துவைத்தது.

பழைய, காலியான ஓட்டைகளோடு நிற்கிற பட்டமரத்தை அவசரப்பட்டு எரிக்கவும் வேண்டாம். புழு போய்விட்டது என்று உறுதியானால் ஒன்றிரண்டை மூலையில் விட்டுவையுங்கள். தென்னைக்கு மட்டும் இது பொருந்தாது. மரங்கொத்தி கூடு வைக்கிற இடம் அதுதான். பலாவில் நான் கம்பியை விட்டுத் தேடுகிற புழுவை அது அலகை விட்டு எடுத்துவிடும், கூலியும் கேட்காது.

வாசல் மரம் நின்ற இடத்தில் அதன் கொட்டையிலேயே முளைத்த கன்று ஒன்று இப்போது ஆள் உயரத்துக்கு மேல் நிற்கிறது. டிரம்மில் பிறந்த வண்டைத் தீப்பெட்டியில் வைத்திருக்கிறேன். ஆடி பிறந்ததும் அதை எடுத்து அக்கம்பக்கத்துப் பிள்ளைகளிடம் காட்டுகிறேன். ஒரு வண்டு பிடித்து வந்தால் ஒரு பலாச்சுளை. போன வருசம் 14 பிடித்தார்கள். அதில் 3 வேறு வண்டுகள்; பார்த்துவிட்டுப் பறக்கவிட்டோம்.